மலையடியில் ஓர் அறை

குனோங் ராபாட்,
9.10.2024

அன்புள்ள தனேஸ் அண்ணனுக்கு,

நலமா? உன்னோடு பேசுகிறேன் என்று அப்பா என் கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டார். அதனால்தான் கடிதம். என் தோழி ஆஃப்ஷீன் தபாலில் சேர்த்துவிடுவாள். பதிலை அவள் அத்தாவின் சாப்பாட்டுக்கடை முகவரிக்கே போடு.

அப்பா குசினிக்குப் பின்னால் மலை வரைக்கும் ஓர் அறை கட்டுகிறார். அவரோடு ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளில் வளர்ந்த பத்துமலை மாமாதான் கொத்தனார். பிளான் எதுவும் இல்லை. இடம் போதவில்லை என்று மலையடிப் பாறையையும் கொஞ்சம் வெட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து இரவில் தகரக் கூரைமேல் சிறு கற்கள் விழுகின்றன. அம்மா இரவு வேலைக்குப் போய்விடுகிறார். போர்வைக்குள் டார்ச்சு வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நீ பிளான் வரையும் அலுவலகத்தில் இருக்கிறாய். இது சரிதானா, சொல்.

பயத்தோடு,
லோஷினி

ஜொகூர் பாரு,
17.10.2024

அன்புத் தங்கச்சிக்கு,

பாறையையா வெட்டினார்கள்?

ஊருக்கு ஊர் கட்டட விதிகள் மாறும். இங்குள்ளதை வைத்து நான் சொல்ல முடியாது. உங்கள் மாநகர் மன்றத்தின் இணையத்தளத்தில் தேடு. மலையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும், எந்தப் பொறியாளர் பார்க்க வேண்டும் என்று இருக்கும். அச்செடுத்து அப்பாவிடம் காட்டு. நான் சொன்னதாகச் சொல்லாதே. "இந்த வீட்ல எனக்குப் படுக்கக்கூட இடமில்ல" என்று கத்திவிட்டு வந்தவன் நான்.

நீ முன்னறையில் படு.

தனேஸ்

குனோங் ராபாட்,
30.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பள்ளி நூலகத்தில் தேடி எடுத்தேன். மலையடி வீடுகளுக்கென்று தனியாகவே ஒரு பகுதி இருந்தது. பத்துமலை மாமா அதைப் பார்த்துச் சிரித்தார். "லயத்துல குசினிய நீட்டுனப்ப எந்தத் தொரைகிட்டம்மா பிளான் காட்டுனோம்? இனிமே சிமெண்டு கலக்கவும் பரீட்சை வைப்பாங்க போல லா!"

அப்பா சிரிக்கவில்லை. மாமா போனதும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மலைக்கும் சுவருக்கும் இடையே தனியாக அளந்தார். நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, "இதுல போட்ட மாதிரி தள்ளிக் கட்டுனா ரூமே வராதும்மா. அப்பறம் ஒங்கண்ணன் எங்க படுப்பான்?" என்றார்.

அந்த அறை உனக்குத்தான், அண்ணே. நீ நேரில் வந்து, ஹாலில் படுத்துக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல். நிறுத்திவிடுவார். வேறு யார் சொன்னாலும் கேட்கமாட்டார்.

காத்திருக்கும்,
லோஷினி

குனோங் ராபாட்,
12.11.2024

அண்ணே,

உன் பதில் வரவில்லை. தினமும் கேட்கிறேன், ஆஃப்ஷீன் உதட்டைப் பிதுக்குகிறாள்.

அறை முடிந்துவிட்டது. உனக்குப் பிடிக்கும் என்று நீலச் சாயம் அடித்து, கட்டிலும் போட்டாயிற்று. மழை விடவே இல்லை. நேற்றுப் பின்சுவரில் விரிசல் விட்டது. அப்பா அதன்மேல் சிமெண்டைப் பூசிவிட்டார். மன்றத்தில் போய்ச் சொல்லிவிடுவேன் என்று அழுதேன்.

"சொல்லு லா. வந்து இடிக்கட்டும். அவன் ஒரு ராத்திரி வந்து படுத்தப்பறம் சொல்லு" என்றார்.

இன்றைக்கு, "யாரும் பயப்பட வேணாம்" என்று அவரே அங்கே போய்ப் படுத்துவிட்டார். இரண்டு முறை போய்க் கூப்பிட்டேன். எழுந்து வரவில்லை. விடிந்ததும் பள்ளிக்குப் போகாமல் மன்றத்துக்குப் போவேன். விடிய வேண்டும்.

கூரைமேல் விழும் கற்கள் இப்போது சின்னவை இல்லை. பூசிய இடத்தில் சுவர் மறுபடி ஈரமாகிவிட்டது.

முன்கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். நீ வருவதற்கா, நாங்கள் ஓடுவதற்கா என்று எனக்கே தெரியவில்லை.

லோஷினி