ஸ்டியரிங் கணக்கு சரியாக வந்த நாள்

அடியே,

காலையில் கல்லூரிப் பட்டறை வாசலில் ஏலக்காய் மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று வந்து நின்றது. அந்த வாசம் உள்ளே வந்ததும், வாய்வரை கொண்டுபோன டீயைக் கீழே வைத்துவிட்டேன். போடியில் உன் அப்பாவின் ஏலக்காய்க் கடையிலிருந்து நீ தூக்கிவந்த கொக்கித் தராசிலும் இதே வாசம்தான் அடிக்கும். நீ இல்லை என்பதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. யாரிடம் போய்ச் சொல்ல? உன்னிடமே சொல்கிறேன்.

மாணவர் போட்டிக்காக நாம் ரேஸ் கார் செய்த வருடம் அது. ஓட்டுவது நீ, கணக்கு நான். ஒருநாள் ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கி, "ஏடி, ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்குடி" என்றாய். பையன்கள் சும்மா இருப்பார்களா? "பொம்பளப்புள்ள கைக்கு இது தாங்காது. ஆள மாத்துங்கப்பா" என்றார்கள். எனக்கு வந்ததே கோபம்! அந்த சீட்டுக்காக நீ எத்தனை பேரோடு மல்லுக்கு நின்றாய் என்று எனக்குத்தானே தெரியும். கோளாறு காரில்தான் என்று நிரூபிக்காமல் விடுவதில்லை என்று உட்கார்ந்தேன்.

வளைவில் முன்டயரைப் பக்கவாட்டில் தள்ளும் விசை ஒன்று. டயர் திரும்பும் அச்சிலிருந்து அது எவ்வளவு தள்ளி விழுகிறது என்ற தூரம் ஒன்று. இரண்டையும் பெருக்கி, ஸ்டியரிங் பல்சக்கர விகிதத்தால் வகுத்தால் உன் கைக்கு வந்துசேரும் முறுக்குவிசை. விடை ரொம்பக் குறைவாக வந்தது; அதன்படி ஸ்டியரிங் லேசாகத்தான் இருக்க வேண்டும். நான் நம்பவில்லை. நிற்கும் காருக்கும் தனியாகக் கணக்குப் போட்டு, உன்னை உள்ளே உட்காரவைத்து, ஸ்டியரிங் வளையத்தில் உன் அப்பா கடைத் தராசின் கொக்கியை மாட்டி இழுத்தோம். தராசும் கணக்கையே சொன்னது.

அப்படியும், இன்னும் லேசாகத் திரும்பட்டும் என்று சின்னப் பல்சக்கரம் மாற்றினோம். "இன்னும் கனமாத்தான்டி இருக்கு" என்றாய். பிறகு மெதுவாக, "கணக்கு சரின்னா, அப்ப நான்தான் தப்பா?" என்று கேட்டாய்.

"வாய மூடு. கார்லதான் எங்கயோ பிடிக்குது" என்று அதட்டிவிட்டு, எல்லா மூட்டுகளையும் மறுபடி கழற்றினேன்.

தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல் நீ தவித்த பிறகுதான் உன் அம்மா உன்னை மதுரைக்குக் கூட்டிப்போனார்கள். நானும் வந்தேன். டாக்டர் தன் இரண்டு விரல்களை உன் கைக்குள் வைத்தார்.

"இறுக்கிப் பிடிங்கம்மா."

"இறுக்கித்தான் பிடிச்சிருக்கேன், டாக்டர்."

டாக்டர் விரல்களைச் சுலபமாக உருவிக்கொண்டார். காரில் ஒரு கோளாறும் இல்லை. நான் வாரக்கணக்கில் காரைக் குறைசொல்லிக்கொண்டிருக்க, உன் கைதான் ஓய்ந்துகொண்டிருந்தது. வெளியே உன் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தா, நரம்புல கோளாறுன்னு சொல்றாக. மாத்திரையில சரியாயிரும்ல?" என்றார்கள். நான் போட்ட கணக்கு தப்பாக இருந்திருக்கக் கூடாதா என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக ஏங்கினேன். கைக்குப் பிறகு கால், அப்புறம் மூச்சு. அவ்வளவு சீக்கிரம் போவாய் என்று யார் கண்டது!

இப்போது நான் இங்கேயே பாடம் எடுக்கிறேன். புதிதாக ஓட்ட வரும் பிள்ளைகள் ஸ்டியரிங் கனம் என்று சொன்னால், முதலில் காரைத் தொடுவதில்லை. என் இரண்டு விரல்களை நீட்டிப் பிடிக்கச் சொல்கிறேன். "என்ன மேடம், கைரேகை பாக்குறீகளா?" என்று சிரிக்கிறார்கள். இன்னும் இறுக்கிப் பிடி என்கிறேன். விரல் வலித்தால்தான் எனக்கு மூச்சு வருகிறது.