சாட்சிக்கு ஒருத்தி

2025 ஜூலை 14, திங்கள்

ஏழைப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் தரும் காலை உணவைப் பள்ளியில் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது விதி. மூன்றாம் ஆண்டு லோஷினி இன்றும் தன் பங்கு மீகூன் நூடுல்ஸைப் பிளாஸ்டிக் பையில் கொட்டிக்கொண்டிருந்தாள். எல்லார் முன்னாலும் பிடுங்கினேன். "திருடுறியா?" என்றேன்.

ஏன் அந்தச் சொல்?

ஜூலை 17

மூன்று நாளாக அவள் வரவில்லை.

ஜூலை 19, சனி

சுங்கை சிப்புட்டைத் தாண்டி, மூடிய ரப்பர் தோட்டத்தின் பழைய லயத்து வரிசை வீடுகளில் அவள் வீட்டைக் கண்டுபிடித்தேன். என்னைக் கண்டதும் லோஷினி உள்ளே ஓடிவிட்டாள். வாசலில் அவள் தங்கை தனுஷா, ஐந்து வயது. மீகூன் இவளுக்குத்தான்.

அம்மா புஷ்பலதா தலை நிமிரவில்லை. "இவளுக்குப் பொறப்பு சூராட் இல்ல டீச்சர். வீட்டுலயே பொறந்துட்டா. போய்க் கேட்டா பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவாங்கன்னு பயம்லா."

பிறப்புப் பத்திரம் இல்லாததால் எந்த உதவிப் பட்டியலிலும் தனுஷா இல்லை. அரசாங்கத்துக்கு இந்த வீட்டில் ஒரே பிள்ளை.

ஜூலை 28

பதிவு அலுவலகத்தில் விசாரித்தேன். பிரசவத்தைப் பார்த்த ஒருவர் வந்து சொல்ல வேண்டுமாம். பார்த்தவள் ஒருத்திதான்: பிள்ளைகளின் அத்தை புனிதா. புனிதாவின் தம்பி, அதாவது புஷ்பலதாவின் கணவர், இறந்ததிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

ஆகஸ்டு 3, ஞாயிறு

சர்ச் முடிந்து நேரே ஜெலாப்பாங்கில் புனிதாவின் வீடு. புனிதா அக்கா கேட்டைத் திறக்கவே இல்லை.

"என் தம்பி போனதுக்கு அவதான் காரணம். அவளுக்காக நான் வந்து நிக்கணுமா?"

"அவளுக்கு இல்லக்கா, பிள்ளைக்கு."

"போங்க டீச்சர்."

என் எண்ணைக் கேட்டில் செருகிவிட்டு வந்தேன். காரில் அழுகை. பிள்ளைக்காகவா, இல்ல அன்னைக்கு என் வாயில வந்த சொல்லுக்காகவா? தெரியலியே.

செப்டம்பர் 9

லோஷினி மறுபடி வருகிறாள். மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லங்க டீச்சர்" என்றாள், பெரிய மனுஷிபோல. அதைவிட அழுதிருக்கலாம்.

அக்டோபர் 6

புனிதா அக்கா போன் செய்தார். "ஹில்டா டீச்சரா? அந்தப் பிள்ளை என் கையிலதான் வந்து விழுந்துச்சு. எப்படி இல்லன்னு சொல்றது? வாரேன்."

அக்டோபர் 15, புதன்

ஈப்போ பதிவு அலுவலகம். புனிதா அக்கா புஷ்பலதாவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அதிகாரி பிறந்த நாளைக் கேட்டதும் தாய்க்கு முன்னே சொன்னது அவர்தான், பிறந்தது எத்தனை மணிக்கு என்பதோடு.

பத்திரம் வர மாதங்கள் ஆகலாம். கிடைக்காமலும் போகலாம்.

வெளியே சாலையைக் கடக்கும்போது தனுஷா அத்தையின் விரலைப் பிடித்தாள். அவர் உதறவில்லை. நான் லோஷினியிடம் கையை நீட்டினேன். அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தனியாகவே கடந்தாள்.