ஒன்பது வருடம் தொடாத பணம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

சோறு வடித்து வைத்திருக்கிறேன். சாவி மீட்டர் பெட்டிக்கு மேலே. நேற்று நான் கத்தியது தப்புதான், சொன்னது தப்பில்லை.

பாப்பா பிறந்தபோது பேங்கில் போட்ட ஒரு லட்சம், வட்டியைத் தொடாமல் விட்டதால் ஒன்பது வருடத்தில் இரண்டு லட்சமாகியிருக்கிறது. இன்னும் ஒன்பது வருடம் விட்டால் நான்கு. வட்டியும் சேர்ந்து உழைக்கிறது. இருபது வருடமாய் மூட்டை தூக்குகிறேன், என் கூலி ஒருநாளும் இப்படிக் குட்டி போட்டதில்லை. அதைப் போய் என் முட்டி ஆபரேஷனுக்கு உடைப்பதா?

"உன் முட்டி வலியும் வட்டி போட்டுத்தான்யா வளருது. அதைக் கணக்குல சேத்தியா?" என்று கேட்டாய். அதற்குத்தான் கத்தினேன்.

கேஸ் சிலிண்டர் வரும். வாசலிலேயே வைக்கச் சொல், நீ தூக்காதே. நான் வந்து உள்ளே வைக்கிறேன்.

பி.கு.: செருப்பு மாட்டக் குனிந்தேன், எழ முடியவில்லை. சுவரைப் பிடித்து எழுந்து, டெபாசிட் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அலமாரியில் இருக்கிறது. பேங்குக்கு நீ மட்டும் போ. நான் வந்தால் பிடுங்கிக்கொண்டு திரும்பிவிடுவேன்.

சிலிண்டரைக் கொண்டுவருபவரையே உள்ளே வைத்துவிட்டுப் போகச் சொல்.