ஒற்றைத் தேதியில் இடப்பக்கம்

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். பத்திரமாக வந்து சேர்ந்தேன். பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டதா? நீங்களும் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அண்ணனின் துணிமணிகளைக் கட்டி வைத்துவிட்டேன். மருத்துவமனையில் கொடுத்த உறையில் மோதிரமும் கார் சாவியும் இருந்தன. காரை விற்றுவிட்டால் கிளம்பிவிடலாம். அதில்தான் சிக்கல்.

இந்த ஊரில் வண்டி நிறுத்துவதே பெரும்பாடு. வெளியாள் என்றால் தெருமுனை இயந்திரத்தில் வண்டி எண்ணைத் தட்டி, மணிக்கணக்கில் கட்டணம் கட்ட வேண்டும். குடியிருப்பவர்களுக்குக் கண்ணாடியில் ஒட்டும் அனுமதிச்சீட்டு உண்டு. ஆனால் தெருவைக் கூட்டிப் பெருக்க வசதியாக, ஒற்றைத் தேதியில் இடப்பக்கமும் இரட்டைத் தேதியில் வலப்பக்கமும்தான் நிறுத்தலாம். காலையில் மாற்றாவிட்டால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்களாம். அண்ணனின் அறைத்தோழர், பஸ் ஓட்டுபவர், விளக்கினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணன் போய் வாரக்கணக்காகிறது. சாவி இருந்த உறையின் முத்திரையை உடைத்ததே நான்தான். வண்டியோ சரியான பக்கத்தில் நிற்கிறது. ஒரு அபராதச் சீட்டுகூட இல்லை.

"யாரு மாத்துறாங்க?" என்று கேட்டேன். அவர் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே, "எனக்கெப்படித் தெரியும் தம்பி? நான் காலையில ஜன்னல் பக்கமே போறதில்ல" என்றார்.

மறுநாள் நானே மாற்றலாம் என்று இறங்கினேன். அதற்குள் வண்டி எதிர்ப்பக்கம் போயிருந்தது. சாவி என் பையில். என் குட்டைக் காலுக்காக முந்தின மாலை முன்னே இழுத்து வைத்த இருக்கை, பின்னால் தள்ளிக் கிடந்தது. உட்கார்ந்தேன். சூடாக இருந்தது.

பயத்தைவிட அழுகைதான் வந்தது, அண்ணி. "அண்ணா, போதும், விட்டுடுங்க" என்று வாய்விட்டே சொன்னேன். அடுத்த நாளும் மாறியிருந்தது.

நேற்று மத்தியானம் வண்டி வாங்க ஒருவர் வந்தார். கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள இருக்கறவர் இறங்கட்டும், அப்புறம் பாக்கறேன்" என்று மரியாதையாக ஒதுங்கி நின்றார். உள்ளே யாருமே இல்லை. அதைச் சொன்னதும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அண்ணன் வேலையிடத்தில் நின்றபடியே சரிந்தவர். தான் போனதே அவருக்குத் தெரியவில்லையோ என்னவோ. என் பேச்சு என்றைக்கு அவர் காதில் ஏறியது? நீங்கள் சொன்னால்தான் கேட்பார். அவர் படத்துக்கு முன்னால் நின்று, அழாமல், ஒரே ஒரு தடவை சொல்லுங்கள் அண்ணி: வண்டி போனால் போகட்டும், வீட்டுக்கு வந்துடுங்க என்று.

உங்கள் வார்த்தைக்காகக் காத்திருக்கும்,
கொழுந்தன்