வாசல் கையெழுத்து

சாத்தான்குளம்
22-1-79

அன்பு மகள் வடிவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. அம்மாவும் நானும் சுகம்.

இதை நானே எழுதுகிறேன். ஜெயசிங் வாத்தியார் பக்கத்தில் இல்லை. முதியோர் கல்வி வகுப்பு முடிந்ததும் அவர் நாசரேத்துக்குப் பஸ் ஏறிவிட்டார். காலையில் தொடங்கி இப்போதுதான் இந்த வரிக்கு வந்திருக்கிறேன். நடுவில் கருப்பட்டி வாங்க ஆள் வந்தது. அம்மாவிடம் அனுப்பினேன். “கடையில யாவாரம் நடக்கா, பள்ளிக்கூடம் நடக்கா?” என்று சத்தம் போடுகிறாள்.

எழுத்து தெரிந்ததிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. பஸ்ஸில் போனால் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகிறது. சுவரில் இருப்பதெல்லாம் என்னைக் கூப்பிடுகிறது. நேற்று சலூன் பலகையை வாசித்துக்கொண்டு நின்றேன். “உள்ள வாங்க அண்ணாச்சி” என்றார் கடைக்காரர். “முடி வெட்ட வரல, இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கு” என்றேன்.

இத்தனை வருஷம் உன் கடிதங்களை வாத்தியார்தான் படித்துச் சொன்னார். அவர் வாயால் வரும் என்று நீயும் சுகம் மட்டும் எழுதி நிறுத்திக்கொண்டாய். இனி அப்படி வேண்டாம். நீ அங்கே என்ன வேலை பார்க்கிறாய்? ஊரில் கேட்டால் புத்தகம் எடுத்துக் கொடுக்கிறாள் என்கிறேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எல்லாம் எழுது. எழுத்தைப் பெரிதாகப் போடு.

இப்படிக்கு உன் அப்பா
சிவனணைந்தபெருமாள்


தூத்துக்குடி
3-2-79

அன்புள்ள அப்பாவுக்கு வடிவு எழுதுவது.

உங்கள் கடிதம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. வேலைக்கு நடுவே எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

பல்கலைக்கழகத்தின் பெரிய நூலகம் வெளியூரில் இருக்கிறது. மீன், சங்கு, முத்துச்சிப்பி, உப்பு பற்றிய புத்தகங்களை மட்டும் பிரித்து, இங்கே துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளை வைத்திருக்கிறார்கள். அதற்கு நான் பொறுப்பு. எந்தப் புத்தகம் வாங்குவது, எதன் பக்கத்தில் எதை நிறுத்துவது, கேட்கிறவருக்கு எங்கே தேடிக் கொடுப்பது, எல்லாம் நான்தான். உப்புக் காற்றில் அட்டை பிசுபிசுக்கிறது. தைத்த கம்பி துருப்பிடித்துத் தாளைத் தின்கிறது. காற்று திசை மாறினால் அலமாரியை அடுத்த சுவருக்கு நகர்த்துவேன். இங்கே வந்த நாளிலிருந்து நகர்த்திக்கொண்டே இருக்கிறேன்.

இப்போது மனது ஒரு நிலையில் இல்லை. முத்துச்சிப்பி ஆராய்ச்சி செய்கிறவர்கள் விடியும்போதே படகில் போய்விடுவார்கள். நூலகத்துக்கு வர அவர்களுக்கு நேரம் கிடையாது. அவர்கள் கேட்ட புத்தகத்தைக் காவலாளி ஜேசுபாதம் சைக்கிளில் கொண்டுபோய்க் கரைக் கொட்டகையிலேயே கொடுத்து ரசீது வாங்கி வருவார். ஆனால் வாசல் நோட்டில் கையெழுத்துப் போட்டு உள்ளே வந்தவர்தான் வாசகர் என்கிறது தலைமை நூலகம். எங்கள் நோட்டு பெரும்பாலும் காலி. பதினாறாம் தேதி துணை நூலகர் சோதனைக்கு வருகிறார். ஆள் வராத கிளையை மூடிவிடலாம் என்று பேச்சு இருக்கிறது. ரசீதுகளை எல்லாம் அடுக்கி வைத்திருக்கிறேன். அவற்றைக் காட்டி வாதாடப் போகிறேன்.

அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

உங்கள் மகள்
சண்முகவடிவு


சாத்தான்குளம்
18-2-79

அன்பு மகள் வடிவுக்கு அப்பா எழுதுவது.

பதினாறாம் தேதி உன் நூலகத்துக்கு வந்தும் உன்னோடு பேச முடியவில்லை. நீ அதிகாரியோடு நின்றாய். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அரசாங்க வேலையில் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று என்னோடு வகுப்பில் படிக்கிற சொரிமுத்துவிடம் சொன்னேன்.

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆள் வந்து கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதானே? வகுப்பில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே அதுதான். எல்லோரையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். முத்தையாபுரம் தாண்டும்போது நயினார், “பெருமாளு, நம்ம கையெழுத்துக்கு ஒரு ஆபீசு காத்துக் கெடக்குன்னு நெனச்சா நெஞ்சு அடிக்குடே” என்றார்.

நீ அதிகாரியை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போயிருந்தாய். ஜேசுபாதம் எங்களைப் பார்த்து, “அண்ணாச்சி, அத்தன பேரும் வாசகரா?” என்றார். “பின்ன, மீன் வாங்கவா வந்தோம்?” என்றேன். வரிசையாக நின்று போட்டோம். சொரிமுத்துவுக்கு முதல் கையெழுத்து கோணிவிட்டது. கீழே இன்னொன்று நேராகப் போட்டுக்கொண்டான். ஜேசுபாதம் வேண்டாம் என்றார், அவன் கேட்கவில்லை.

உன் அலமாரிகள் நன்றாக இருக்கின்றன. மேசைக்கு ஒருவராக உட்கார்ந்தோம். நயினாருக்குக் கிடைத்தது சிப்பிப் படம் போட்ட புத்தகம். அதிகாரி நேரே அவரிடம் வந்தார்.

“பெரியவரே, என்ன படிக்கிறீங்க?”

“இங்கிலீசு புஸ்தகம்யா.”

“இங்கிலீஷ் தெரியுமா?”

“இன்னும் இல்லய்யா. தமிழே இப்பத்தான் பாதி தாண்டியிருக்கு.”

அதிகாரி சிரித்தார். நாங்களும் சிரித்தோம். நல்ல மனுஷர். உன் நூலகத்தை மூட மாட்டார். என்ன சொன்னார் என்று உடனே எழுது.

இப்படிக்கு உன் அப்பா
சிவனணைந்தபெருமாள்


சாத்தான்குளம்
27-2-79

அன்பு மகள் வடிவுக்கு,

பதில் இல்லை. தபால்காரரை நான் தெருமுனைக்கே போய்ப் பார்க்கிறேன். “அண்ணாச்சி, வந்தா நானே கொண்டாந்து தருவேன்லா” என்கிறார். கடையில் நிலையாக நிற்க முடியவில்லை. வகுப்பில் எல்லோரும் கேட்கிறார்கள். மறுபடி வர வேண்டியிருக்கும் என்று சொரிமுத்து வெள்ளை வேட்டியை வெளுக்கப் போட்டுவிட்டான். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ஒரு வரி போடு.

அப்பா
சிவனணைந்தபெருமாள்


தூத்துக்குடி
5-3-79

அப்பாவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுதினால் கோபமாக வரும் என்று நிறுத்தி வைத்திருந்தேன்.

அதிகாரி சிரித்தது உங்கள் மனம் நோகக் கூடாது என்று. என் அறைக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு சிரிக்கவில்லை. “கையெழுத்துப் போட ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்திருக்கிறீர்களா, அம்மா?” என்று கேட்டார். அவர்கள் என் அப்பாவும் அவரோடு படிக்கிறவர்களும், நான் வரச் சொல்லவில்லை என்றேன். நோட்டைத் திருப்பி ஒரே பெயர் மேலும் கீழும் இருந்ததைக் காட்டினார். அதன் பிறகு ரசீதுகளை எடுத்து வைத்தேன். ஒன்றிரண்டைப் பார்த்தார். “இவையும் எப்படி வந்தவையோ” என்று ரசீதுக் கட்டைத் தள்ளி வைத்துவிட்டார். உண்மையான ரசீதுகள், அப்பா. ஒவ்வொன்றும் ஒருவர் கேட்டுப் படித்த புத்தகம். அவற்றை நம்ப வைக்க எனக்கு அந்த ஒரு நாள்தான் இருந்தது.

உத்தரவு வந்துவிட்டது. மார்ச் கடைசியில் கிளை மூடப்படுகிறது. புத்தகங்கள் பெட்டியில் தலைமை நூலகத்துக்குப் போகின்றன. என் மேல் நடவடிக்கை இல்லை, அவர் அவ்வளவு தயவு காட்டினார். புத்தகங்களோடு நானும் அங்கே போகலாம். ஒரு ராத்திரியும் அரைப் பகலும் ரயில் பயணம். அல்லது இதே கட்டிடத்தில் இருக்கும் பல்கலைக்கழகக் கல்லூரி அலுவலகத்தில் எழுத்தராக இருக்கலாம். இருந்தால் வாராவாரம் வீட்டுக்கு வந்து போகலாம். அம்மா அதைத்தான் சொல்வாள். பதினைந்தாம் தேதிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

நீங்கள் நல்லதை நினைத்துத்தான் வந்தீர்கள். அது தெரிந்தும் கோபம் அடங்கவில்லை. இப்போதைக்கு என்னைப் பார்க்க வர வேண்டாம்.

வடிவு


சாத்தான்குளம்
9-3-79

அன்பு மகள் வடிவுக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதத்தை யாரிடமும் கொடுக்காமல் நானே படித்தேன். ரசீது பற்றி நீ எழுதிய இடத்தில் எனக்கு மேலே போக முடியவில்லை. எழுத்து தெரியாமல் இல்லை.

அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் மகள் மேல் தப்பில்லை என்று எழுதினேன். எழுதி முடித்ததும் கிழித்துவிட்டேன். நீ கேட்காமல் உன் வேலைக்குள் இன்னொரு தடவை நான் வரக் கூடாது. சொரிமுத்துவிடமும் நயினாரிடமும் நடந்ததைச் சொன்னேன். சொரிமுத்து, “அந்தப் பிள்ளகிட்ட என்னத்தச் சொல்ல?” என்றான். ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றேன்.

நீ என்னிடம் யோசனை கேட்கவில்லை. ஆனாலும் பதினைந்தாம் தேதி என்று எழுதியிருக்கிறாய். அதனால் சொல்கிறேன். நீ போ. எழுத்தர் வேலைக்குத் தூத்துக்குடியிலேயே இருந்தால் அந்தக் காலி அறையைத் தாண்டித்தான் தினமும் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்கு வருவாய், சோறு சாப்பிடுவாய், எங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். உனக்கு இருக்காது. தலைமை நூலகத்தில் பெட்டிகளைத் திறக்கும்போது பக்கத்தில் நில். எதன் பக்கத்தில் எது நிற்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது.

கோபம் இருந்தால் கோபத்தோடே போ. எனக்கு எழுத வேண்டும் என்று தோன்றும்போது எழுது. ரயில் ஏற்ற வர மாட்டேன்.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. நான்தான் போகச் சொன்னேன் என்று இன்றைக்குச் சொல்லப் போகிறேன். கொஞ்ச நாள் என்னோடு பேச மாட்டாள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு உன் அப்பா
சிவனணைந்தபெருமாள்