மார்ட்டின் திருநாளில் ஊற்றிய கோப்பை

வராஷ்டின், அக்டோபர் 4

மகள் டுன்யா குடியை நிறுத்தி ஒரு மாதம் தாண்டிவிட்டது. முன்பும் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். அப்புறம் கையைக் கீறிக்கொள்வாள், பாட்டிலுக்குத் திரும்புவாள். ஒரு மருத்துவமனை ‘முதலில் குடியை விடட்டும்’ என்றது. இன்னொன்று ‘முதலில் மனம் அடங்கட்டும்’ என்றது. மறுபடி ஒருமுறை தாங்குவாளா? நான்?

அக்டோபர் 9

டுன்யாவுக்குச் சிகிச்சை தரும் டாக்டர் நெவெங்கா என்னையும் கூப்பிட்டார். போதை முழுதும் தெளியாமல் எதையும் முடிவு செய்யக்கூடாது என்று காத்திருந்தாராம். தெளிந்த பிறகும் அதே கொந்தளிப்பு — காலையில் அவளுக்கு நான் தெய்வம், மாலையில் பிசாசு. எல்லோரும் விட்டுப்போய்விடுவார்கள் என்ற திகில். எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு என்றார்.

"ரெண்டுல எத முதல்ல பாப்பீங்க?" என்றேன்.

"ரெண்டையும் சேத்துத்தான் ஐயா. எது முதல்லன்னு சண்ட போட்டுத்தானே இத்தன வருஷம் போச்சு?"

டுன்யா சிரித்தாள். "அட, இதுக்குப் பேரெல்லாம் இருக்கா? நான் வெறும் கெட்ட பொண்ணுன்னுல்ல நெனச்சேன்."

ஆயுள் முழுக்க இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்த டாக்டர் அளவுக்குத் தெளிவாக யாருக்கும் எதையும் விளக்கியதில்லை.

அக்டோபர் 16

குடியை விட்டவர்களும் குடும்பத்தாரும் வட்டமாக உட்காரும் சங்கத்துக்குப் போனோம். வீட்டில் யாருமே குடிக்கக்கூடாது என்பது விதி. என் பிளம் பிராந்தியைக் கொட்டினேன். விருந்தாளிக்கென்று ஒரு பாட்டில் மட்டும் வைத்துக்கொண்டேன். வருகிறவரை வெறுங்கையோடு எப்படி உட்காரவைப்பது?

நவம்பர் 11

மார்ட்டின் திருநாள், வாத்து வறுத்துப் புது ஒயின் குடிக்கும் நாள். என் அண்ணன் ஸ்லாவ்கோ வந்தார். "என்னடா, வாத்து மட்டும் மணக்குது? தொண்டைய நனைக்க ஒண்ணுமில்லையா? இது வீடா, கன்னிமாடமா?"

கை தானாக அந்த விருந்தாளி பாட்டிலுக்குப் போயிற்று. ஊற்றிவிட்டேன்.

டுன்யா பார்த்தாள். "நீங்க எப்பவும் இப்படித்தான்! நான் செத்தாத்தான் உங்களுக்கு நிம்மதி!" குளியலறைக் கதவை அறைந்து சாத்திக்கொண்டாள்.

தட்டக்கூட தைரியமில்லை. உள்ளே பிளேடு இருக்குமோ? குழாய்ச் சத்தம். பிறகு அவள் குரல், தொலைபேசியில், டாக்டரிடம். கீறிய பிறகல்ல, கீறத் தோன்றும்போதே கூப்பிட வேண்டும் என்பது அவர்கள் ஒப்பந்தம். இதுவரை ஒருமுறைகூட அவள் கூப்பிட்டதில்லை.

வெளியே வந்தாள். முகமெல்லாம் குளிர்ந்த தண்ணீர். கையில் காயமில்லை.

"உங்க மேல பயங்கரக் கோவம்பா. ஆனா உங்கள வெறுக்கல. ரெண்டும் ஒரே நேரத்துல இருக்கலாமாம்."

என்ன பெண் இவள்! அண்ணன் பார்க்கவே கோப்பையையும் பாட்டிலையும் தொட்டியில் கவிழ்த்தேன்.

"சரிடா, தண்ணியாவது குடு," என்றார்.

ஏப்ரல் 2

நான் வைத்த சூப்பில் உப்பு அதிகமென்று டுன்யா திட்டினாள். "எத்தன தடவ சொல்றது?" நானும் பதிலுக்கு முணுமுணுத்தேன். யாரும் எழுந்து போகவில்லை. ரொட்டியை நறுக்கி, பெரிய துண்டை என் பக்கம் தள்ளினாள். அவள் கோபம் இன்னும் தீரவில்லை.