எழுதியவர் என்ற இடத்தில்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உன் இருமல் நின்றதா என்று முதலில் எழுது, போனில் கேட்டால் நின்றுவிட்டது என்பாய், சொல்லி முடிப்பதற்குள் இருமுவாய். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்யச் சொன்னால் மட்டும் காது கேட்காதவர் மாதிரி பேப்பரைப் புரட்டுகிறார்.

ஒரு விஷயம் மனதைக் குடைகிறது, பேச ஆரம்பித்தால் குழப்பிவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன், எழுதினாலும் அப்படித்தான் வரும்போல. உன் குழுவில் இருக்கும் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னாயே, வேலையெல்லாம் சுத்தம், ஆனால் மீட்டிங்கில் வாயே திறப்பதில்லை, அதனால் தலைமைப் பொறுப்புக்கு அவள் பெயரை அனுப்பப்போவதில்லை என்று. வாய் திறக்காவிட்டால் யார் என்ன செய்ய முடியும் என்று நானும் ஒத்து ஊதினேன்.

புதன்கிழமை எங்கள் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் மீட்டிங். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று மினிட்ஸ் நோட்டை என் தலையில் கட்டி ஆறு வருஷம் ஆகிறது. போன மீட்டிங்கில் எழுதியதை வாசித்த பிறகுதான் புதிதாகப் பேசுவோம். வாசித்துக்கொண்டே வந்தேன், வார்டுக்கு ஒரு நிறத்தில் நாடா கட்டினால் துணி மூட்டைகள் மாறாது என்று பாய்லர்காரர் யோசனை சொன்னார் என்ற வரியில் நாக்கு நின்றுவிட்டது. அதை முதலில் சொன்னது நான். நான் சொன்னபோது மேலாளர் ஜன்னலைச் சாத்தச் சொன்னார், பேச்சு வேறெங்கோ போனது, ஐந்து நிமிஷம் கழித்துப் பாய்லர்காரர் அதையே சொன்னார், எல்லோரும் தலையாட்டினார்கள், நல்ல யோசனை, குறித்துக்கொள்ளுங்கள் என்றார் மேலாளர். நானும் குறித்துக்கொண்டேன். யாரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை.

பாய்லர்காரரைத் திட்டலாம் என்று போனால், மனுஷன் நிஜமாகவே விழிக்கிறார். "நீங்க சொன்னீங்களா? எனக்கே தோணுச்சுன்னுல்ல நெனச்சேன்" என்கிறார். பொய் சொல்கிற ஆள் இல்லை. யார் சொன்னால் என்ன, மூட்டை மாறாமல் இருந்தால் சரி என்கிறார் அப்பா. அதுவும் சரிதான், பிறகு எனக்கு ஏன் சாப்பாடு இறங்கவில்லை? பழைய பக்கங்களைப் புரட்டினேன். எல்லாப் பக்கத்திலும் என் பெயர் இருக்கிறது, கடைசி வரியில், எழுதியவர் என்ற இடத்தில் மட்டும். ஆறு வருஷமாக நான் பேசவே இல்லையா, பேசியதை நானே விட்டுவிட்டேனா, ஒன்றும் புரியவில்லை. குனிந்து எழுதுகிறவள் எப்போது நிமிர்ந்து பேசுவாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன், ஆனால் எங்களில் மற்ற மூன்று பெண்கள் எழுதுவதில்லை, அவர்கள் பெயரையும் காணோமே.

உங்கள் மீட்டிங் குறிப்புகளை அந்தப் பெண்தான் அழகாக எழுதி அனுப்புகிறாள் என்று நீயே ஒருமுறை சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவள் பேசவில்லையா, பேசியது உன் காதில் விழவில்லையா, எனக்குத் தெரியாது, உனக்காவது தெரியுமா? மாசக் கடைசியில் பட்டியல் அனுப்பும் முன் ஒரே ஒரு மீட்டிங்குக்கு நீ நோட்டை வாங்கி எழுதிப் பார். உன்னைக் குறை சொல்லவில்லை, உன்னை வளர்த்தவளே இப்படி எழுதியிருக்கிறேனே என்றுதான் பயமாக இருக்கிறது.

நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு, மருந்தை மறக்காதே. நாடா கட்டி இரண்டு வாரம் ஆகிறது, ஒரு மூட்டைகூட மாறவில்லை. அந்த யோசனை என்னுடையது. வேறெங்கும் எழுதவில்லை, இங்கே எழுதிவைக்கிறேன்.

எழுதியவர்,
அம்மா